புருவம் வெடித்த முகமூடி

வின்டர்தூர்
16 பிப்ரவரி 1956

அன்புத் தங்கை ஒட்டிலியாவுக்கு,

ஆண்டவர் உனக்குத் துணையிருக்கட்டும். நான் சேதமில்லாமல் வந்து சேர்ந்தேன். உன் இருமல் குறைந்ததா? ஆடுகள் இந்தக் குளிரைத் தாங்குகின்றனவா?

ஆலையிலிருந்து தந்தி வந்த திங்கட்கிழமை மாலையே ரயிலேறியது நல்லதாய்ப் போயிற்று. ஒரு நாள் தாமதித்திருந்தால் என் இயந்திரத்தின் முன்னால் வேறொருவன் நின்றிருப்பான். இந்த ஊர்க்காரர்களுக்குத் தவக்காலம் தொடங்கும் முன் வரும் திருவிழாச் செவ்வாய் என்பது வெறும் செவ்வாய்தான். காலை எட்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. வால்டிங்கனில் இப்போது ஊரின் மேல்வாசல் திறந்து கோமாளிகள் மணி குலுங்கக் குதித்து வருவார்கள், புருவம் வெடித்த நம் முகமூடிக்குள் என் தங்கை இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

தாத்தா நாளிலிருந்து, போர் நடந்த வருஷங்களைத் தவிர, அந்த முகமூடி ஒரு செவ்வாயும் தவறியதில்லை. என்னால் தவறிவிடக் கூடாது என்றுதான் உன்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஆனால் உள்ளே இருந்தது ஒரு பெண் என்று தெரிந்தால் கோமாளிகள் சங்கம் இனி அதற்கு முத்திரை குத்தாது. முத்திரை இல்லாத முகமூடி மேல்வாசலைத் தாண்ட முடியாது. ஆகவே நான் சொன்னபடி, குதித்து முடித்ததும் வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்திருப்பாய் என்று நம்புகிறேன். ரோஸ்விட்டாவிடம், நான் செவ்வாய்க்கிழமையும் குதித்துவிட்டு ஐந்து மணி ரயிலில் போனதாகச் சொல்லிவிடு. பாதித் திருவிழாவில் ஓடுகிறவனுக்கா பெண் கொடுப்பது என்று அவள் அப்பா கேலி செய்வார். கல்யாணம் முடிந்த பிறகு உண்மையைச் சொல்லி எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம்.

அவள் அப்பா வெண்டலின் பெரியவரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நான் சொன்னது உன்னோடு இருக்கட்டும். அவர் இன்னும் சங்கத் தலைவர்.

முகமூடியை அடுப்புப் பக்கம் வைக்காதே, மரம் இன்னும் பிளக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
கிலியான்


வால்டிங்கன்
29 பிப்ரவரி 1956

அண்ணாவுக்கு ஒட்டிலியா எழுதுவது.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, கோபித்துக்கொள்ளாதே. இருமல் போய்விட்டது. ஆடுகள் சுகம். தண்ணீர்க் குழாய்தான் வெடித்துவிட்டது, பனிக்கட்டியை உடைத்துப் பானையில் உருக்கிக் குடிக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அந்த ஊரில் நம்மூர்ப் பணியாரம் கிடைக்காது என்று தெரியும், அதனால் இருபது பொரித்து இத்துடன் அனுப்புகிறேன். உடைந்திருந்தால் தபால்காரனைத் திட்டு.

செவ்வாய்க்கிழமை பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு முப்பத்தொரு வயது. பத்தொன்பது வயதிலிருந்து இந்த ஊர்க் கோமாளிகளின் உடுப்புக்கெல்லாம் நான்தான் ஒட்டுப்போடுகிறேன். எவனுக்கு எந்த வருஷம் வயிறு பெருத்தது என்று அவன் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த உடுப்புக்கு உள்ளேயிருந்து பார்த்தால் ஊர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மணி கோத்த தோல்பட்டை தோளை அறுத்தது. விட்ட மூச்சு உள்ளேயே உறைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. தெருவில் என்னைக் கண்டால் தலையைக்கூட அசைக்காத கசாப்புக்காரர் தொப்பியைக் கழற்றி, “வாடா வெடிச்ச புருவம்! சுவிஸ்காரன் சோறு ஒத்துக்கிச்சு போல, போன வருஷத்தவிட ஒசரமா எகிறுற!” என்றார். நான் அவர் தொப்பிக்குள் ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் போட்டுவிட்டு எகிறினேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வெண்டலின் பெரியவர் சாம்பல் புதனன்று தலைவர் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வயதாகிவிட்டது என்கிறார்கள். ரோஸ்விட்டாவை நான் நேரில் பார்க்கவில்லை. நீ சொல்லச் சொன்னதைத் துண்டுச்சீட்டில் எழுதி அவள் வீட்டுக் கதவிடுக்கில் போட்டுவிட்டு வந்தேன்.

குழாய்க்காரன் வந்துவிட்டான். மற்றவை பிறகு. காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஒட்டிலியா


வின்டர்தூர்
18 மார்ச் 1956

அன்புள்ள ஒட்டிலி,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

ரோஸ்விட்டாவுக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. நேற்று ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. உள்ளே நிச்சயதார்த்த மோதிரம். ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? மோதிரத்தைச் சுற்றியிருந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

பெரியவர் ஏன் திடீரென்று சங்கிலியைக் கழற்றினார்? இந்தத் திருவிழாவை எப்படியாவது மானத்தோடு நடத்தி முடித்துவிட்டு, ஈஸ்டருக்குப் பிறகு தானாக விலகட்டும் என்றல்லவா ரோஸ்விட்டா பாடுபட்டுக்கொண்டிருந்தாள்?

ஒட்டிலி, உன்னை ஒன்று கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை நீ யாரிடமாவது பேசினாயா?

உடனே எழுது. ஆண்டவர் உன்னைக் காக்க.

கிலியான்


வால்டிங்கன்
2 ஏப்ரல் 1956, ஈஸ்டர் திங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். நான் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன். நேற்றுப் பூசைக்குப் புது நீல உடுப்புப் போட்டுக்கொண்டு போனேன். முட்டைகளுக்கு வெங்காயத் தோலில் சாயம் ஏற்றினேன், நல்ல சிவப்பு. பிப்ரவரிக் குளிரில் நம் ஆப்பிள் மரங்கள் மூன்றும் பட்டுப்போய்விட்டன. பட்டை கையோடு உரிந்து வருகிறது. சின்ன ஆடு இரண்டு குட்டி போட்டது. சாமியார் பிரசங்கம் ஒன்றரை மணி நேரம், கசாப்புக்காரர் குறட்டையே விட்டுவிட்டார்.

நீ கேட்டதற்கு: நான் குதித்தேன், வீட்டுக்கு வந்தேன். ரோஸ்விட்டாவின் மனசு எனக்கு எப்படித் தெரியும்?

இன்னும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

ஒட்டிலியா


வால்டிங்கன்
3 ஏப்ரல் 1956
(அனுப்பாதது)

அண்ணா,

நேற்று எழுதியதைக் காலையில் தபாலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதை அனுப்பப்போவதில்லை. அனுப்பாத கடிதத்திலாவது பொய் இல்லாமல் இருக்கட்டும்.

திங்கட்கிழமை நீ போன பிறகு உன் கோமாளி ஏட்டைத் திறந்து பார்த்தேன். ஊரில் பாதிப் பேருக்குப் படம் வரைந்திருந்தாய். கசாப்புக்காரர் தன் பன்றிமேலேயே வழுக்கி விழுந்தது, மேலத்தெரு விதவை பூனைக்கு வைத்த மீனை விருந்தாளிக்குப் பரிமாறியது, எல்லாம் இருந்தது. தலைவருக்கு மட்டும் பக்கமே இல்லை. முகமூடி தன் எதிரில் வந்து ஏட்டை விரித்து, அந்த வருஷம் தான் செய்த கோமாளித்தனத்தைச் சொல்லவில்லை என்றால் இந்த ஊரில் எவனுக்கும் தூக்கம் வராது. சொல்லாமல் விட்டால்தான் அவமானம். அப்படியிருக்க தலைவரை விடுவதா? அண்ணன் அவசரத்தில் மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

நீ சமையலறையில் சொன்னது ஞாபகம் வந்தது. டிசம்பரில் ஒரு காலை, பெரியவர் கழுத்தில் தலைவர் சங்கிலியும் காலில் வீட்டுச் செருப்புமாகப் போய், ரயில் நிலையத்துப் பெஞ்சில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார் என்றாய். மறதி வந்துவிட்டது, ரோஸ்விட்டா அழுதாள் என்றாய். எனக்குச் சங்கிலியும் செருப்பும்தான் மனதில் நின்றன. அதை வரைந்தேன். நன்றாகவே வந்தது.

செவ்வாய் மத்தியானம் ‘கரடி’ மதுவிடுதிக்குள் போனேன். கோமாளிகள் எல்லோரும் கீச்சுக்குரலில்தானே பேசுவார்கள், பெண்குரல் யாருக்குத் தெரியப்போகிறது? பெரியவர் நடு மேசையில் இருந்தார், பக்கத்தில் ரோஸ்விட்டா. ஏட்டை விரித்தேன்.

“தலைவரே, தலைவரே, ஒங்கள விட்டுட்டுப் போனா எனக்குப் பாவம் சேருமே! மேல பாத்தா மகாராஜா, கீழ பாத்தா வீட்டுச் செருப்பு! வராத ரயிலுக்கு வாசல்ல நின்னு வரவேற்பு!”

விடுதி அதிர்ந்தது அண்ணா. கசாப்புக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியவரும் தொடையைத் தட்டிச் சிரித்தார். அத்தோடு நிறுத்தினேனா?

“யாரு வர்றாங்கன்னு இவ்ளோ அலங்காரம், தலைவரே? எந்த ஊரு ராணி?”

அவர் சிரிப்பு மாறாமலே சொன்னார்: “ரயிலு வந்துச்சுப்பா. அல்பான்தான் எறங்கல.”

அவர் மகன் அல்பான். உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். நாற்பத்துநாலில் ரஷ்யாவில் செத்துப்போனான் என்று தாள் வந்து, பூசை வைத்து, நினைவுச்சுவரில் பெயரும் பொறித்தாயிற்று. டிசம்பரில் கடைசிப் போர்க்கைதிகள் ரஷ்யாவிலிருந்து ஊர் திரும்புகிறார்கள் என்று ரேடியோவில் பெயர் பெயராக வாசித்தார்களே, அதைக் கேட்டுவிட்டுத்தான் மனிதர் சங்கிலியை எடுத்து மாட்டியிருக்கிறார். நீ எனக்கு அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கசாப்புக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பெரியவர் என் முகமூடியை அண்ணாந்து பார்த்து, “நீ பொய் சொல்ல மாட்டியே. அடுத்த ரயில்ல வருவான்ல?” என்று கேட்டார்.

ஏட்டை மூடி அக்குளில் இடுக்கினேன். திரும்பி ஓடினேன். மணிப்பட்டை முழுத்தெருவும் சத்தம் போட்டது. ரோஸ்விட்டா பின்னாலேயே வாசல்வரை வந்து, “கிலியான்!” என்று கத்தினாள். உன் பெயரைச் சொல்லிக் கத்தினாள், அண்ணா.

மறுநாள் காலை பெரியவரிடமிருந்து சங்கிலியை வாங்கிக்கொண்டார்கள்.


வின்டர்தூர்
10 ஜூன் 1956

ஒட்டிலியாவுக்கு,

உன் உடம்பைப் பற்றி இந்த முறை கேட்கவில்லை.

ரோஸ்விட்டா கடைசியில் எழுதிவிட்டாள். அவள் வார்த்தையையே தருகிறேன்: ‘உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். அதை நீ படமாக வரைந்து, பாட்டுக் கட்டி, அப்பாவின் மூஞ்சிக்கு நேரே காட்டிவிட்டு, முகத்தைக் காட்டப் பயந்து ஐந்து மணி ரயிலில் ஓடிவிட்டாய்.’

‘நான் குதித்தேன், வீட்டுக்கு வந்தேன்’ என்று ஈஸ்டர் திங்கட்கிழமை எழுதினாயே, கை கூசவில்லையா? ஒரே ஒரு காரியம்தானே சொன்னேன், வாயைத் திறக்காதே என்று?

அவளுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் முகமூடிக்குள் இருந்தது யார் என்று சொல்ல வேண்டிவரும். உள்ளே யார் என்று வெளியே சொல்வது நம் வழக்கமில்லை. தவிர, என் தங்கையைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை. பழி என்மேலேயே இருக்கட்டும்.

கிலியான்


வால்டிங்கன்
24 ஜூன் 1956

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், உடம்பு நன்றாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை.

ஏப்ரலில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துக்கொள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ரொட்டிக் கடையில் ரோஸ்விட்டா எனக்கு முன்னால் நிற்கிறாள். “உன் அண்ணன் வேலையெல்லாம் எப்படிப் போகுது?” என்று கடைக்காரி என்னைக் கேட்கிறாள். ரோஸ்விட்டாவின் முதுகு விறைக்கிறது. நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, “நல்லாப் போகுது” என்கிறேன். எப்பேர்ப்பட்ட கழுதை நான்!

நாளைக்கே அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். முகமூடி போனால் போகட்டும், உனக்கு அவள் கிடைத்தால் போதும். உன் சம்மதம் மட்டும் எழுது. இந்தப் பாரத்தை என்னால் தூக்க முடியவில்லை.

உன் தங்கை,
ஒட்டிலியா


வின்டர்தூர்
19 ஆகஸ்ட் 1956

அன்புள்ள ஒட்டிலி,

ஒழுங்காகச் சாப்பிடு. நீ படுத்துக்கொண்டால் உன்னைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? எனக்கு இங்கே சுகம்தான், புதிய பிரிவுக்கு மேற்பார்வையாளன் ஆக்கியிருக்கிறார்கள்.

நீ அனுப்பியதைப் படித்தேன். என் கோபம் தணிந்துவிட்டது. ஆனால் நீ ரோஸ்விட்டாவிடம் போக வேண்டாம். எந்தக் காரணம்கொண்டும் போகாதே. யோசித்துப் பார். அரசாங்கம் முகமூடியைத் தடை செய்திருந்த காலத்தில் கொள்ளுத்தாத்தா அதை மாவுப்பெட்டிக்குள் புதைத்துக் காப்பாற்றினார். அவருடைய அப்பா பிரபுவின் காரியக்காரனுக்கு எதிரில் ஏட்டை விரித்து, அவன் படியளக்கும் லட்சணத்தைச் சொன்னார். அவன் தடியால் அடித்த அடியில்தான் அந்தப் புருவம் வெடித்தது. இத்தனை பேர் காப்பாற்றியதை உன் ஒரு வார்த்தை ஒழித்துவிடும். ஊர் உன்னையும் சும்மா விடாது. தையல் வேலை யார் கொடுப்பார்கள்? அவளுக்கும் புண்ணைக் கிளறின மாதிரி ஆகும். காலம் ஆற்றும். நான் பொறுத்துக்கொள்கிறேன். எனக்காக நீ அழ வேண்டாம்.

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிலியான்


வால்டிங்கன்
4 நவம்பர் 1956

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமா? இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்றாய். அதைத் தவிர எழுத எனக்கு வேறு விஷயமில்லை. ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும்.

கல்லறைத் திருநாளன்று அப்பா அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பினேன். நினைவுச்சுவர் பக்கம் ரோஸ்விட்டாவும் பெரியவரும் நின்றிருந்தார்கள். மகன் பெயரைக் கையுறை விரலால் தடவிக்கொண்டே, “இது யாரு வீட்டுப் பையன்?” என்று அவளைக் கேட்கிறார். எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

“ஒட்டிலி, நில்லு. எதுக்கு என்னக் கண்டா ஒளியிற? ஒங்கண்ணன் செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ?”

நான் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

“எப்படி இருக்கான்?” என்று கேட்டாள்.

“இருக்கான்.”

“முகமூடிக்குள்ள பேசினது சாம்பல் புதனோட சரி. ஊரு வழக்கம் அதான? எங்கப்பாவே எத்தன சண்டைய அப்படிச் சொல்லித் தீத்துருக்காரு. நான்தான் இழுத்துப் புடிச்சிக்கிட்டிருக்கேன். அன்னைக்கி ரெண்டு கோப்பை கூடவே ஊத்தியிருப்பான், உள்ள இருக்கிற சூட்டுல வாய் நழுவியிருக்கும். வெறும் மூஞ்சியோட அவன் அப்படிப் பேசுறவன் இல்ல.” பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “வர்ற திருவிழாவுக்கு வருவான்ல?” என்றாள்.

அவள் உன்னை மன்னிக்கத் தயாராகிவிட்டாள், அண்ணா. நீ செய்யாத ஒன்றுக்காக. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். அவள் என் கழுத்துத்துணியைச் சரிசெய்து விட்டாள்.

ஒட்டிலியா


வின்டர்தூர்
10 பிப்ரவரி 1957

அன்புள்ள ஒட்டிலி,

நலம். நீயும் நலம் என நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய காலுறைகள் சரியான அளவு.

ரோஸ்விட்டா சொன்னதை நீ எழுதியதிலிருந்து எனக்கு மறுபடி தூக்கம் வருகிறது. அவளே அப்படி நினைக்கும்போது நாம் ஏன் வேறு விதமாகச் சொல்லிக் குழப்ப வேண்டும்? திருவிழாவுக்கு வர முடியவில்லை, இங்கே புதிய இயந்திரங்கள் பூட்டுகிறோம். ஈஸ்டருக்கு வருகிறேன். மன்னிப்புக் கேட்டு, மோதிரத்தைத் திரும்ப அவள் கையில் கொடுக்கிறேன். நீ ஜனவரியில் முகமூடிக்கு முத்திரை வாங்கிவைத்தது நல்லது. இந்த வருஷம் அது பெட்டியிலேயே இருக்கட்டும்.

எதையும் கிளறாதே.

கிலியான்


வால்டிங்கன்
6 மார்ச் 1957, சாம்பல் புதன்

அண்ணாவுக்கு,

நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன். உடம்பு சுகம். நேற்று ராத்திரி ஒரு வருஷத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

முகமூடி பெட்டியில் இல்லை. சங்கத்தார் காலையில் வந்து துணியில் சுற்றி எடுத்துப்போய்விட்டார்கள். இருபது வருஷத்துக்கு முத்திரை கிடையாதாம்.

நேற்று நான் அதைப் போட்டுக்கொண்டு குதித்தேன். மத்தியானம் கரடி விடுதிக்குப் போனேன். பெரியவர் இப்போது மூலையில் உட்காருகிறார். ரோஸ்விட்டா அவருக்குப் பணியாரம் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் இரத்தம் ஏறியது. நீ வந்துவிட்டாய் என்று நினைத்துவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏட்டை விரித்தேன். கையில் ஊசியோடு ஒரு பெண், பக்கத்தில் இந்த முகமூடி, அவ்வளவுதான் படம்.

“ஊருக் கோமாளிக்கெல்லாம் உடுப்பு தச்சவ, அண்ணன் மூஞ்சிய மாட்டிக்கிட்டு அடுத்தவன் அழுகைய வித்தவ! யாருன்னு தெரியுதா?”

பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேருக்குப் புரியவில்லை. நான் முகமூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். முகமூடி கழற்றச் சொல்லும் ஆறு மணிக் கோயில் மணியோசைக்கு முன்னால் ஒரு கோமாளி முகத்தைக் கழற்றி இந்த ஊர் பார்த்ததே இல்லை.

“அடிப்பாவி, பொம்பள!” என்றார் கசாப்புக்காரர். “என் கால்சட்டையத் தச்சுக் குடுத்தவ!”

“போன வருஷமும் நான்தான்,” என்றேன். “கிலியான் திங்கட்கிழமையே போயிட்டான். ரயில் சமாச்சாரம் பொய். படம் வரஞ்சது, பாட்டுக் கட்டினது, எல்லாம் நான். ரோஸ்விட்டா, என்ன அடிக்கிறதுன்னா அடி.”

அவள் அடிக்கவில்லை. பெரியவர் மேசைமேல் கிடந்த முகமூடியைத் தொட்டுப் பார்த்து, “இவன்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தேன். பதில் சொல்லாமப் போயிட்டான்,” என்றார். நான் அவர் பக்கத்தில் மண்டியிட்டேன்.  அல்பான் வரமாட்டான் என்ற அந்த ஒன்றை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் ரோஸ்விட்டா கேட்டாள், மெதுவாக: “ஸ்டேஷன் விஷயம் ஒனக்கு யாரு சொன்னா?”

“அண்ணன்,” என்றேன்.

“எப்ப?”

“ஞாயித்துக்கிழம. சமையலறையில.”

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை அண்ணா. கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

எந்தக் காரணம்கொண்டும் போகாதே, கிளறாதே என்று ஏன் திரும்பத் திரும்ப எழுதினாய் என்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு விளங்கியது: அந்தச் சமையலறைப் பேச்சு அவள் காதுக்குப் போகக் கூடாது. என்னைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்து, உனக்காக எத்தனை செபமாலை சொன்னேன் தெரியுமா? என் குற்றம் எனக்கு இருக்கிறது, அதை இறக்கிவைக்கப் பார்க்கவில்லை. உன்னுடையதையும் சேர்த்துச் சுமக்க என்னிடம் தோள் இல்லை.

தவக்காலத்தை நல்லபடியாக ஆசரி.

ஒட்டிலியா


வால்டிங்கன்
17 மார்ச் 1957

கிலியானுக்கு,

நீ நலமா என்று கேட்பது வழக்கம். கேட்கிறேன். அப்பாவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. நான் நலம்.

உன் தங்கைமேல் கோபமாகத்தான் இருக்கிறேன், இன்னும் கொஞ்ச நாள் இருப்பேன். ஆனால் அவள் முகமூடிக்குள் சொன்னதை முகமூடியைக் கழற்றி ஒப்புக்கொண்டாள். அந்தக் கணக்கு அவளுக்கும் எனக்கும் முடிந்துவிடும். அவள் கொண்டுவந்த ஆட்டுப்பாலை நேற்று வாங்கிக்கொண்டேன்.

வெறும் முகத்தோடு அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை என்று கல்லறைத் தோட்டத்தில் அவளிடம் சொன்னேன். எழுதினாளா? நான் உன் சட்டையைப் பிடித்து அழுதுகொண்டு சொன்னதை, நீ வெறும் முகத்தோடு, சமையலறையில் உட்கார்ந்து, ஏதோ தின்றுகொண்டே சொல்லியிருக்கிறாய். அதுவும் பாதிதான் என்கிறாள் ஒட்டிலி. அல்பானை விட்டுவிட்டுச் செருப்பை மட்டும் சொல்லியிருக்கிறாய். முழுவதும் சொல்லியிருந்தால் ஒட்டிலி படம் வரைந்திருக்க மாட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவளை முன்னால் நிறுத்தி, அவளுக்குப் பின்னால் நின்றிருக்கிறாய். முகமூடிக்குத்தான் சாம்பல் புதன் உண்டு, கிலியான். மற்றதற்கு என்ன வழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

கடிதத்தில் மன்னிப்புக் கேட்காதே, நான் பிரிக்க மாட்டேன். மோதிரத்தையும் அனுப்பாதே. வருவதானால் வா. தெற்கிலிருந்து வரும் ரயில் பதினொன்றரைக்கு. அப்பா இப்போது தினமும் ஸ்டேஷனுக்குப் போகிறார். நான்தான் பூட்ஸ் மாட்டிவிட்டு அனுப்புகிறேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அல்பான் வயசுக்காரன், அவன் உயரம், பெட்டியோடு நீ இறங்கினால் எழுந்து வந்து உன்னை மகனே என்று கட்டிக்கொள்வார்.

இல்லை, நான் அல்பான் இல்லை, அவன் வரமாட்டான் என்று அவரிடம் நீதான், வெறும் முகத்தோடு, சொல்ல வேண்டும். அவர் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ரோஸ்விட்டா